நல்ல தகட்டில் ஓர் ஓட்டை

டிங்கர் வேலையில் பழம் தின்று கொட்டை போட்ட மனுஷன் அவர். ஊரே அவரை டிங்கர் என்றுதான் கூப்பிட்டது. கோபம் வந்தால் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள். அவர் பட்டறைக்கு வருகிற வண்டி எதுவும் முழுசாக வராது. மூக்கு நசுங்கி, கதவு உள்வாங்கி, மட்கார்டு சுருண்டு வரும். மரச் சுத்தியும் இரும்புக் கட்டையும் வைத்துத் தட்டித் தட்டி நிமிர்த்துவார். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு தகட்டின் மேல் உள்ளங்கையை ஓட்டுவார். கண்ணுக்குத் தெரியாத பள்ளம் அந்தக் கைக்குத் தெரியும். இருபத்தாறு வருஷமாக ஓட்டையை அடைப்பதுதான் பிழைப்பு. நல்ல தகட்டில் ஓட்டை போடச் சொன்னால், பெற்ற பிள்ளையைக் கிள்ளச் சொன்ன மாதிரி முகம் போகும். ஏரியல் வைக்க ஒரு சின்ன ஓட்டை கேட்டு வந்தவரைக்கூட, "அந்தப் பாவத்தை வேற எங்கயாவது பண்ணிக்கோங்க" என்று அனுப்பிவைத்திருக்கிறார்.

மனைவியின் உலகம் வேறு. அவளிடம் ஒரு பச்சை ஜீப் இருந்தது. தினமும் காலை ஆறு மணிக்கு ஓடையைக் கடந்து அக்கரைக்குப் போய், மாடு வளர்ப்பவர்களிடம் பதினெட்டு கேன் பால் ஏற்றிக்கொண்டு, எட்டு மணிக்குள் பால் சங்கத்தில் இறக்குவாள். ஓடைக்குப் பாலம் கிடையாது. கல் பாவிய தாழ்வான இடம் ஒன்று உண்டு. அதில் இறங்கித்தான் ஏற வேண்டும். பதினோரு வருஷமாக இதே வேலை. அக்கரையில் எந்த மாடு கன்று போட்டது, எந்த வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அந்த ரூட் போய்விட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

போன மழைக்காலத்தில் வந்தது வினை. ஓடை நடுவில் தண்ணீர் பானெட்டைத் தொட, எஞ்சின் காற்றோடு சேர்த்துத் தண்ணீரையும் குடித்துவிட்டது. உள்ளே இரும்பு வளைந்து, எஞ்சினைப் பிரித்துச் சரிசெய்யும்வரை வண்டி படுத்தே கிடந்தது. பால் அத்தனையும் கெட்டது. போதாக்குறைக்கு, கயிறு கட்டி இழுத்தபோது வலது மட்கார்டு பாறையில் மோதிக் கசங்கியது. சங்கத்துச் செயலாளர் தங்கமான மனுஷர், ஆனாலும் சொல்லிவிட்டார்.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா ரூட்டை லாரிக்காரருக்குக் குடுத்துடுவோம்மா. தப்பா எடுத்துக்காதீங்க."

அதனால்தான் ஸ்நார்க்கல் பேச்சு வந்தது. பெயர்தான் வாயில் நுழையாது, விஷயம் எளிது. எஞ்சின் காற்று இழுக்கிற வாய் மட்கார்டுக்குள் தாழ்வாக இருக்கிறது. அதை ஒரு குழாய் வழியாகக் கூரை உயரத்துக்குக் கொண்டுபோய்விட்டால், கீழே தண்ணீர் ஓடினாலும் எஞ்சின் மேலே மூச்சு விடும்.

சனிக்கிழமை இரண்டு பேரும் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் முதலில் எடுத்து நீட்டியது பளபளவென்று மின்னுகிற ஒல்லிக் குழாய். இவள் கைப்பையிலிருந்து ஒரு நூலை எடுத்தாள். ஏர் பில்டர் பெட்டியின் வாயை அளந்து அதில் முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள். குழாயின் வாயில் வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"என் வண்டி மூச்சு விடற வாயில பாதிகூட இல்லையே! ஸ்ட்ரா வச்சு மலை ஏறச் சொல்றீங்களா?"

"அக்கா, இது சும்மா லுக்குக்கு வாங்கறது. உங்களுக்கு வேற தரேன்," என்று கடைக்காரர் அசடு வழிந்தார்.

அடுத்து வந்தது தடித்த கறுப்புக் குழாய். முடிச்சு சரியாகப் பொருந்தியது. தலைப்பகுதியை எந்தப் பக்கமும் திருப்பலாம். உள்ளே புகும் மழைத்தண்ணீர் வெளியே வழிய அடியில் கீறலும் இருந்தது. மரக்கிளை அடித்தால் தாங்குமா, வெயிலில் வெடிக்குமா என்று அரை மணி நேரம் கடைக்காரரைப் பிழிந்தெடுத்துவிட்டுத்தான் அவள் சரி என்றாள். பொருத்துவது எப்படி என்று கடைக்காரர் டிங்கரிடம் சொன்னார்.

"வலது மட்கார்டுல எட்டு சென்டிமீட்டருக்கு ஓர் ஓட்டை. அவ்வளவுதான் வேலை. மாட்டினதும் எஞ்சினை ஓடவிட்டு மேல் வாயைக் கையால பொத்துங்க. எஞ்சின் நின்னா வேலை சுத்தம். ஓடிச்சுன்னா எங்கயோ ஓட்டை வழியா காத்து இழுக்குதுன்னு அர்த்தம்."

வலது மட்கார்டு! பாறையில் மோதிக் கசங்கியதை ஒன்பது நாள் உட்கார்ந்து நிமிர்த்தியவர் அவர். பச்சையை நாலு தடவை கலந்து, பழைய பச்சையோடு பச்சையாகப் பொருத்தியவர். அவர் வாழ்நாளில் செய்த வேலைகளில் அதுதான் உச்சம். நடுவெயிலில் நிறுத்திப் பார்த்தாலும் ஒட்டுப்போட்ட இடம் தெரியாது. அதில் போய் எட்டு சென்டிமீட்டருக்கு ஓட்டையாம்.

ஞாயிற்றுக்கிழமை அவள் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். குழாயோடு வந்த அச்சுத்தாளை மட்கார்டில் ஒட்டினார். டிரில்லைக் கையில் எடுத்தார். கீழே வைத்தார். தண்ணீர் குடித்தார். மறுபடி எடுத்தார். கடைசியில் மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? அச்சுத்தாளைப் பிய்த்துப் போட்டுவிட்டு, குழாயின் அடிப்பாகத்தை நல்ல கெட்டியான பசையால் மட்கார்டின் மேல் அப்படியே ஒட்டிவிட்டார். மேல்பக்கம் முன்கண்ணாடித் தூணோரம் ஒரு பிடி போட்டு முறுக்கினார். அடேயப்பா, பார்க்க அமர்க்களமாக இருந்தது. மழைக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது, அடுத்த ஞாயிறு தைரியமாக வெட்டிக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

அவள் வந்து வண்டியை இரண்டு சுற்று சுற்றிப் பார்த்தாள். "சூப்பருங்க! உங்களை மாதிரி கை யாருக்கு வரும்?" என்றாள். அன்றைக்குச் சாப்பிடும்போது அவர் தலை நிமிரவில்லை.

மழை பத்து நாள் காத்திருக்குமா? மூன்றாம் நாளே மலைப்பக்கம் கொட்டித் தீர்த்தது. நாளைக் காலை ஓடை பெருகும் என்று அக்கரையிலிருந்து போன் வந்தது. சாயங்காலம் வாசலில் ஜீப் ஓடுகிற சத்தம் கேட்டு டிங்கர் வெளியே ஓடினார். அவள் படியில் ஏறி நின்று, குழாயின் வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தாள். எஞ்சின் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு கையாலும் பொத்தினாள். அப்போதும் ஓடியது.

இறங்கி வந்து பானெட்டைத் தூக்கினாள். குனிந்து மட்கார்டின் உள்பக்கத்தைப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லாமல் பச்சைப்பசேலென்று இருந்தது.

"வெட்டவே இல்லையா?"

டிங்கர் கால் விரலைப் பார்த்தார்.

"ஜீப்புக்கு டோப்பா வச்சு விட்டிருக்கீங்க!" என்று முதலில் சிரிப்பாகத்தான் ஆரம்பித்தாள். பிறகு குரல் மாறியது. "நாளைக்கு இதை நம்பித்தாங்க தண்ணில இறங்கியிருப்பேன்."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். உள்ளே போய் டிரில்லோடு வந்தார். பசையைச் சுரண்டிக் குழாயைக் கழற்றினார். நடுப்புள்ளியில் ஆணியால் ஒரு தட்டு, சின்ன ஓட்டை, பிறகு வட்ட ரம்பம். தகடு கிறீச்சிட்டது. அவள் பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்றிச் சூட்டைத் தணித்தாள். ரொட்டி அளவுக்கு ஒரு பச்சை வட்டம் கழன்று விழுந்தது. அவர் கண் கலங்கிவிட்டது.

"அடச்சீ, ஒரு தகட்டுக்கா அழுறீங்க?"

"தகடு கிடக்கட்டும். தெரிஞ்சே உன்னை அனுப்பியிருப்பேனே, அதை நினைச்சேன்."

அவள் அரத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். விளிம்பை வழவழவென்று ராவி, துரு பிடிக்காமல் பெயின்ட் தடவி, குழாயை உள்ளே விட்டு, பில்டர் பெட்டியோடு சேர்த்துக் கிளாம்ப் போட்டு முறுக்கினார். எஞ்சினை ஓடவிட்டு, அவள் குழாயின் வாயைப் பொத்தினாள். எஞ்சின் திணறியது, ஆனால் நிற்கவில்லை. டிங்கர் கண்ணை மூடிக்கொண்டு பில்டர் பெட்டியைச் சுற்றி உள்ளங்கையை ஓட்டினார். பெட்டியின் அடியில், தண்ணீர் வடிவதற்கென்று விட்டிருந்த சின்னத் துளை ஒன்று அவர் கையை உறிஞ்சியது. அதை அடைத்தார். அடைப்பதற்கா அவருக்குச் சொல்லித்தர வேண்டும்? அவள் மறுபடி பொத்தினாள். எஞ்சின் விக்கி, உதறி, பொட்டென்று நின்றது. இரண்டு பேரும் கைதட்டிக் கத்தினார்கள். எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "வண்டி நின்னு போச்சுன்னு இப்படியா ஆடறீங்க?" என்று கேட்டாள்.

காலையில் ஓடை செம்மண் நிறத்தில் உறுமிக்கொண்டிருந்தது. கரையில் செயலாளர் நின்றார். பக்கத்திலேயே லாரியை நிறுத்தி வைத்துக்கொண்டு லாரிக்காரரும் நின்றார். டிங்கரும் சைக்கிளில் வந்து சேர்ந்தார். அவள் யாரையும் பார்க்கவில்லை. முதல் கியரில் மெல்ல இறங்கினாள். விளக்கு இரண்டும் முங்கின. பானெட் முங்கியது. கறுப்புக் குழாய் மட்டும் நிமிர்ந்து நகர்ந்துகொண்டிருந்தது. அக்கரையில் ஜீப் தண்ணீரை உதறிக்கொண்டு ஏறிய பிறகுதான் டிங்கருக்கு மூச்சு வந்தது.

"திரும்பி வரட்டும், பார்க்கலாம்," என்றார் லாரிக்காரர்.

எட்டு மணிக்குப் பத்து நிமிஷம் முன்னால் திரும்பி வந்துவிட்டாள், பதினெட்டு கேனோடு. செயலாளர் நாலு கேனைத் திறந்து முகர்ந்து பார்த்தார். "நாளைக்கும் ஆறு மணிக்குத்தானேம்மா?" என்று கேட்டார். அவ்வளவுதான், விஷயம் முடிந்தது. லாரிக்காரர் ஓடையை ஒரு தரம் பார்த்துவிட்டு, தன் லாரியைப் பின்பக்கமாக எடுத்துத் திருப்பினார்.

டிங்கர் சைக்கிளைக் கேன்களுக்கு மேல் போட்டுவிட்டு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். கொஞ்ச தூரம் போனதும் கேட்டார்: "நான் அப்படிப் பண்ணினதுக்கு அப்புறமும், இறங்கறப்போ பயமா இல்லையா உனக்கு?"

"பயமாத்தாங்க இருந்துச்சு. அதான் காலையில நீங்க குளிக்கப் போனப்போ இன்னொரு தடவை பொத்திப் பார்த்தேன்."

"நின்னுச்சா?"

"நின்னுச்சு."

"இனிமே தினமும் பார்ப்பியா?"

அவள் கியரை மாற்றிவிட்டு யோசித்தாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று தெரிந்தது. "ஒரு மாசம் பார்ப்பேன். அப்புறம் யோசிக்கலாம்."

ஒரு மாசம் நியாயம்தான் என்று அவருக்கும் பட்டது.