பதியாத விருந்தாளி

விமலநாதனின் வலக்கையில் மூன்று விரல்கள்தான் சொல்வழி கேட்கும், அவையும் மெதுவாகத்தான். எண்பத்து மூன்று இனக்கலவரத்தில், கண்டி டவுனில் பொல்லால் அடித்து உடைத்த கை. கல்யாண வீடுகளில் ஓர்கன் வாசித்தவர் அதன்பிறகு அதைத் தொடவேயில்லை.

இரண்டாயிரத்து ஏழில் தங்கையின் மகன் அவருடைய கம்ப்யூட்டரில் இசை மென்பொருள் ஒன்றைப் போட்டு, சின்னக் கீபோர்ட்டையும் பொருத்திவிட்டுப் போனான். மறுநாள் காலை விமலநாதன் மூன்று சுரங்களைச் சேர்த்து அழுத்தினார். ஒன்றாக ஒலிக்க வேண்டியவற்றை மென்பொருள் தானாகவே தனித்தனியாகப் பிரித்து, ஏற்றி இறக்கி ஓடவிட்டது. விரல்கள் அசையவேயில்லை. எடுத்தால் நின்றுவிடுமே என்று அவர் கையை எடுக்கவுமில்லை.

கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மனைவி கமலாசனியிடம், பக்கத்து வீட்டு வடிவம்மா மதிலுக்கு மேலால் பதறினார்.

"யாருங்க வந்து தங்கியிருக்காங்க? ரெண்டு பேரு வாசிக்கிற மாதிரி கேக்குதே! பொலிசுல பதிஞ்சீங்களா?"

வெளியாளைப் பதியாமல் தங்கவைத்தால் வீட்டுக்காரரையே அள்ளிக்கொண்டு போகிற கேடுகெட்ட யுத்த காலம். கமலாசனி உள்ளே ஓடினார். கணவர் மட்டும்தான் இருந்தார், அசையாத தன் கையையே பார்த்தபடி.

மதிலடிக்குத் திரும்பி வந்து சொன்னார்:

"பதியத் தேவையில்லை. எண்பத்து மூண்டில போன மனுசன்தான் வந்திருக்கிறார்."