ஒட்டாத கப்புகள்

லிஃப்ட்காரர் மஃபின் சுடக் கற்றுக்கொண்டது தன் நாற்பத்திரண்டாவது வயதில், வேறு வழி தெரியாமல்.

மனைவி மகளை அழைத்துக்கொண்டு தன் அண்ணன் வீட்டுக்குப் போய் ஏழு மாதம் ஆகியிருந்தது. இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை, காலை பத்திலிருந்து மாலை நாலு வரை மகள் அப்பாவோடு இருக்கலாம் என்று நீதிமன்றத்தில் முடிவாயிற்று. ஆறு மணி நேரம். நின்றுபோன லிஃப்டைப் பழுது பார்த்தபடி ராப்பகலாகத் தனியே இருந்தவர்தான். ஒன்பது வயதுப் பெண்ணோடு ஆறு மணி நேரம் என்ன செய்வதென்று தெரியவில்லை. முதல் சனிக்கிழமை இருவரும் டிவி பார்த்தார்கள். அடுத்ததும் அப்படியே போயிற்று. மூன்றாவதற்கு, மாவுப் பொட்டலத்தின் பின்பக்கம் அச்சடித்திருந்ததை எழுத்து விடாமல் படித்து வாழைப்பழ மஃபின் சுட்டு வைத்தார்.

மகள் ஒன்றைக் கடித்துப் பார்த்தாள்.

"அப்பா, இத லிஃப்டுக்கு வெயிட்டா மாட்டலாம்."

"அவ்வளவு மோசமாவா இருக்கு?"

"மோசம்னு சொல்லல. வெயிட்டா இருக்குன்னேன்."

ஆனால் காகிதக் கப்பை அவள் விடவில்லை. மடிப்பு மடிப்பாகப் பிரித்து, ஒவ்வொரு மடிப்பிலும் ஒட்டியிருந்த துணுக்கை முன்பல்லால் சுரண்டினாள். சுரண்டிக்கொண்டே கணக்கு டீச்சரைப் பற்றிச் சொன்னாள். மாமா குறட்டை விடுவதை நடித்துக் காட்டினாள். அன்றைக்கே அவளுக்கு எலி என்று பேர் விழுந்துவிட்டது. அவளும் ஒப்புக்கொண்டாள். போனில் கூப்பிட்டால் "நான் எலி பேசறேன்" என்பாள்.

லிஃப்ட்காரர் சீக்கிரமே கை தேர்ந்தார். மாவை அதிகம் கலக்கக்கூடாது, பழம் தோல் கறுத்திருக்க வேண்டும், ஓவன் கதவை நடுவில் திறந்து பார்க்கக்கூடாது. எதையும் திறந்து பார்ப்பதே தொழிலாக உள்ளவருக்கு இந்தக் கடைசி விஷயம்தான் கஷ்டமாக இருந்தது.

தொழிலில் அவருக்கு ஒரு பேர் உண்டு. அவர் கைவைத்த லிஃப்ட் ஆறு மாதத்துக்கு மறுபடி கூப்பிடாது. பட்டறையில் அவருக்கு மூத்தவரான சோடா, கண்ணாடி தடிமனால் அந்தப் பேர் பெற்றவர், இதற்காகவே அவரைத் திட்டுவார்.

"ஏம்பா, ஒரு போல்ட்ட லேசா விட்டுட்டு வந்தா என்னப்பா? ஆபத்து இல்லாத போல்ட்டத்தான் சொல்றேன். கதவு கொஞ்சம் கிறீச்சுன்னு கத்தும், மறுபடி கூப்பிடுவான். நாமளும் பொழைக்க வேணாமா?"

"அதெல்லாம் நமக்கு வராதுண்ணே."

"உனக்கு எதுதான் வந்துது?"

சோடா அதைச் சும்மாதான் சொன்னார். ஆனால் அது உள்ளே போய்த் தங்கியது. ஏனென்றால் மனைவியும் போகும்போது அதே மாதிரிதான் ஒன்று சொன்னாள். அவள் கத்தவில்லை. பெட்டியைக் கதவோரம் வைத்துவிட்டுச் சொன்னாள்: "லிஃப்டுல மாட்டினவங்க எல்லாரையும் வெளிய எடுத்தீங்க. யாரு கூப்பிட்டாலும் சாப்பாட்டுலேருந்து எழுந்து போனீங்க. நான் இந்த வீட்டுல மாட்டிக்கிட்டு ஒன்பது வருஷமா பெல் அடிச்சேன். உங்களுக்குக் கேக்கவே இல்ல."

அவர் பதில் தேடிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. எடுத்தார். எங்கோ நான்காவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் ஒரு லிஃப்ட் நின்றுவிட்டிருந்தது.

எலிக்குப் பதினைந்து வயதானபோது பள்ளியில் குப்பையைப் பற்றி ஏதோ எழுதச் சொல்லியிருந்தார்கள். அன்று அவள் மஃபின் காகிதங்களைத் தூக்கிப் போடாமல் மேஜைமேல் வரிசையாக அடுக்கினாள்.

"பாருப்பா. ஒரு தடவைக்குப் பன்னெண்டு. எல்லாம் குப்பை. இதுக்கு மரம் வெட்டறாங்க."

"சரி, என்ன பண்ணலாம்?"

"சிலிகான் கப் இருக்குப்பா. கழுவிக் கழுவி வெச்சுக்கலாம். என் ஃப்ரெண்டு வீட்டுல இருக்கு."

திங்கட்கிழமையே வேலை முடிந்து, எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடு கேக் சாமான் கடைக்குப் போனார். கல்லாவில் இருந்த பெண் பன்னிரண்டு கப்புகள் கொண்ட பெட்டியைப் பிரித்துக் காட்டினாள். நாலு நிறம், நிறத்துக்கு மூன்று. அவர் ஒன்றை எடுத்து நன்றாக முறுக்கிப் பார்த்தார். முறுக்கிய இடம் வெளுக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ரப்பர் சாமான்களை அப்படித்தான் பார்த்துப் பழக்கம். கலப்படம் இருந்தால் வெளுக்கும். வெளுக்கவில்லை.

"அண்ணே, கிழிச்சிடாதீங்க. நல்ல ஐட்டம்ணே. ரெண்டாயிரம் தடவை வரும்."

"ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவைதான் சுடுவேன்."

அவள் மனசுக்குள் வகுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "அப்பன்னா எழுபது வருஷத்துக்கு மேல வரும்ணே."

"அது வரைக்கும் நான் இருக்கணுமே."

"கப்பு இருக்கும்ணே."

முதல் முறை கம்பித் தட்டின்மேல் அப்படியே வைத்தார். மாவு ஊற்றியதும் கப்புகள் தொந்தி சரிந்த ஆட்கள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் சாய்ந்தன. காகிதத்துக்கு அடியில் வைக்கும் குழித் தட்டு இதற்கும் வேண்டும் என்று அப்போது தெரிந்தது. இரண்டாம் முறை பாத்திரம் தேய்க்கும் சோப்பின் எலுமிச்சை மணம் மஃபினில் இறங்கியிருந்தது. சிலிகான் வாசனையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு வெந்நீரும் ஒரு பழைய பல்துலக்கியும்தான். மடிப்புகளுக்குள் எண்ணெய்ப் பிசுக்கு சேரும். ஒவ்வொரு மடிப்பாகத் தேய்க்க வேண்டும், ஒரு கப்புக்கு இருபத்துநாலு மடிப்பு. காகிதத்தைவிட ஐந்து நிமிடம் கூடுதலாக வேக வேண்டும், இல்லாவிட்டால் அடிப்பக்கம் சிவக்காது. சுட்டு எடுத்ததும் கை வைக்கக்கூடாது. கால் மணி நேரம் ஆறவிட்டு, கப்பின் வாயைச் சற்று விரித்து, அடியைக் கட்டைவிரலால் அழுத்தினால் வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். அவசரப்பட்டால் பாதி கையோடு வரும், பாதி உள்ளே நிற்கும். இதையெல்லாம் அவர் வார நாட்களில், வேலை விட்டு வந்து, தனியாகச் சுட்டுப் பார்த்துக் கண்டுபிடித்தார். தோற்றவை அனைத்தையும் சோடா தின்றார்.

அடுத்த முறை சனிக்கிழமை எலி வருவதற்குள் மஃபின்களைக் கழற்றித் தட்டில் அடுக்கி, கழுவிய கப்புகளைப் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்தார். அவள் உள்ளே வந்ததும் கப்புகளைத்தான் முதலில் பார்த்தாள்.

"வாங்கிட்டியாப்பா! நான் சும்மா சொன்னேன்."

"நீ சொன்னா சும்மாவா?"

அவள் அவரைத் தோளோடு கட்டிக்கொண்டாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு. பிறகு உட்கார்ந்து ஒரு மஃபினை எடுத்தாள். பக்கங்கள் மழமழவென்று, ஒரு துணுக்குகூட உதிராமல் இருந்தது. நாலே கடி. முடிந்தது. அவள் விரல்கள் மேஜைமேல் எதையோ தேடின. பிரிக்க ஒன்றும் இல்லை. சுரண்ட ஒன்றும் இல்லை. விரல்கள் போனை எடுத்துக்கொண்டன.

"நல்லாருக்குப்பா," என்றாள், திரையைப் பார்த்தபடி.

லிஃப்ட்காரர் எதிரில் உட்கார்ந்திருந்தார். மஃபினைத் தின்ன நாலு நிமிடம். காகிதத்தைச் சுரண்ட அரை மணி நேரம். ஆறு வருஷமாக அவள் சொன்ன கதைகள் யாவும் அந்த அரை மணி நேரத்தில் சொன்னவை. காகிதத்தில் ஒட்டுவது ஒரு குறை என்றுதான் அவர் நினைத்திருந்தார். வெண்ணெய் கூட்டி, சூடு குறைத்து, அந்தக் குறையைப் போக்கக்கூட ஒரு காலத்தில் முயன்றிருக்கிறார்.

மறுபடி காகிதத்துக்குப் போயிருக்கலாம். ஆனால் அவள் சொல்லி வாங்கியது. அவள் தோளோடு கட்டிக்கொண்டதும் அதற்குத்தான். இரண்டு வருஷம் அந்தக் கப்புகளிலேயே சுட்டார். ஒன்றுகூடக் கிழியவில்லை, நிறம் மங்கவில்லை. கடைக்காரப் பெண் சொன்னதில் பொய்யில்லை. இடையில் எலிக்கு டியூஷன் வந்தது, பரீட்சை வந்தது, தோழியின் பிறந்த நாள் வந்தது. இரண்டு வாரம் நாலு வாரமாயிற்று. பத்து மணி பதினொன்றரை ஆயிற்று. வந்தால் தின்பாள், "சூப்பர்ப்பா" என்பாள், மூன்று மணிக்கே அம்மாவிடமிருந்து போன் வரும்.

பிறகு ஒரு நாள் சொல்லாமல் வந்தாள், புதன்கிழமை சாயங்காலம். எட்டு மணி நேர ரயில் பயண தூரத்தில் கல்லூரி கிடைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை புறப்படுகிறாள். வீட்டில் மஃபின் இல்லை. அவர் சமையலறைக்கும் கூடத்துக்குமாக நடந்தார்.

"இரு, அரை மணி நேரத்துல சுட்டுடறேன்."

"வேணாம்ப்பா, அம்மா கீழ ஆட்டோல இருக்காங்க." அவள் அலமாரியைத் திறந்து கப்புகளை எடுத்தாள். "ஹாஸ்டல் பேன்ட்ரில சின்ன ஓவன் இருக்காம். நான் ஆறு எடுத்துக்கவா?"

"எல்லாத்தையும் எடுத்துக்கோ."

"உனக்கு வேணாமா? நீ எதுல சுடுவ?"

அவர் யாருக்குச் சுடுவார் என்று அவள் கேட்கவில்லை. ஒன்றுக்குள் ஒன்றாக ஆறு கப்புகளைச் செருகிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். சிவப்பும் மஞ்சளும். பச்சையும் நீலமும் அவருக்கு. கதவருகே திரும்பி, "எப்படிச் சுடறதுன்னு போன் பண்ணிக் கேக்கறேன்," என்றாள்.

அவர் தட்டில் பன்னிரண்டு குழி. ஆறு குழியில் சிலிகான், ஆறு குழியில் காகிதம் என்று சுட ஆரம்பித்தார். சனிக்கிழமை காலையில் கை சும்மா இருக்கவில்லை. திங்கட்கிழமை அதைப் பட்டறைக்குக் கொண்டுபோனபோது சோடா இரண்டிலும் ஒவ்வொன்று எடுத்து நீதிபதி மாதிரி மென்றார்.

"காகிதம் போட்டதுதான் சுவை. ஓரம் மொறுமொறுன்னு இருக்கு."

"சிலிகான்ல சுட்டது?"

"அதுவும் நல்லாத்தான் இருக்கு. குளிச்சிட்டு வந்த மாதிரி இருக்கு."

ஒருநாள் யாரும் இல்லாதபோது லிஃப்ட்காரர் ஒரு காகிதத்தைப் பிரித்து முன்பல்லால் சுரண்டிப் பார்த்தார். காகிதச் சுவைதான் தெரிந்தது.

ஒரு மாதம். ஒன்றரை மாதம். எலி போய்ச் சேர்ந்ததாக ஒரு செய்தி அனுப்பினாள், ஹாஸ்டல் ஜன்னலின் படம் ஒன்று அனுப்பினாள். அவர் கூப்பிட்டால் "கிளாஸ்ல இருக்கேம்ப்பா" என்றாள். அவர் போனை எப்போதும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். முன்பு லிஃப்டுகளுக்காக வைத்திருந்தது அது.

ஞாயிற்றுக்கிழமை மதியம், ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் கூண்டின் கூரைமேல் நின்று கதவு ரோலர் மாற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. வேலை முடிந்துவிட்டது, கீழே இறங்கி மின்சாரத்தைப் போட வேண்டியதுதான் பாக்கி. கையெல்லாம் கிரீஸ். விரல் கணுவால் அழுத்தி எடுத்தார்.

"அப்பா, நான் எலி பேசறேன். ஒரு டவுட்டு."

அவர் கூரைமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"சொல்லும்மா."

"மஃபின் சுட்டேன். மேல சிவந்துடுச்சு. அடி மட்டும் வெள்ளையா ஈரமா இருக்கு. ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் கிண்டல் பண்றாங்க. என்ன பண்ணணும்?"

கீழ் அடுக்கில் வை, ஐந்து நிமிடம் கூட்டு. அவ்வளவுதான் பதில்.

"ஓவன் எவ்வளவு பெருசு?" என்றார்.

"சின்னதுதாம்ப்பா. நம்ம வீட்டுதுல பாதி."

"சூட்டுக் கம்பி மேலயா, கீழயா? ரெண்டு பக்கமுமா?"

"இரு, பாக்கறேன்… ரெண்டு பக்கமும். ஆனா கீழ இருக்கறது எரியவே இல்லியோன்னு ஒரு சந்தேகம். வார்டன் கிட்ட சொன்னா, அந்தம்மா இருக்காங்களே…"

அவள் வார்டனைப் பற்றிச் சொன்னாள். அறையில் கூட இருக்கும் பெண் தூக்கத்தில் பேசுவதை நடித்துக் காட்டினாள். அவர் என்ன தட்டு என்றார், மாவு எவ்வளவு நேரம் கலக்கினாய் என்றார், பழம் கறுத்திருந்ததா என்றார். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு கதை வந்தது. கீழேயிருந்து காவலாளி கத்தினார்.

"லிஃப்ட்காரரே, ஆச்சா? ஆளுங்க நிக்கறாங்க!"

"இன்னும் பத்து நிமிஷம்!"

இருபத்தாறு வருஷத் தொழிலில் அவர் சொன்ன முதல் பொய் அது. கீழே யாரோ படியேறத் தொடங்கும் செருப்புச் சத்தம் கேட்டது.

"யாருப்பா கத்தறது? வேலையா இருக்கியா? வைக்கவா?"

"இல்ல இல்ல. நீ சொல்லு."

கடைசியில் கீழ் அடுக்கையும் ஐந்து நிமிடத்தையும் சொல்லத்தான் வேண்டியிருந்தது.

"அவ்வளவுதானாப்பா? வேற ஏதாவது பாத்துக்கணுமா?"

அவர் வாயைத் திறந்தார். கால் மணி நேரம் ஆறவிடு. அது நாக்கு நுனிக்கு வந்து நின்றது. இத்தனை நாளும் அவள் வருமுன் கழற்றி அடுக்கி வைத்தவர் அவர். அவளுக்கு அது தெரிந்திருக்க வழியே இல்லை.

"அவ்வளவுதாம்மா," என்றார்.

"சரிப்பா. வர்ற சனிக்கிழமை மறுபடி சுடறேன்."

அவள் போனை வைத்தாள். அவர் எழுந்து ரோலர் போல்ட்டுகள் நான்கையும், ஏற்கெனவே முறுக்கியவைதான், ஸ்பேனர் போட்டு ஒருமுறை இறுக்கிப் பார்த்தார். எதுவும் அசையவில்லை.

சனிக்கிழமை அவள் சுடுவாள். அடி நன்றாகச் சிவந்திருக்கும். சுற்றிலும் தோழிகள் நிற்பார்கள், அவளுக்குப் பொறுமை கிடையாது. சூட்டோடு கழற்றுவாள். மேல்பாதி கையோடு வரும். மறுபடி கூப்பிடுவாள்.