வாசலில் இரண்டு சோடிச் செருப்பு

இது நடந்தது போன நகரசபைத் தேர்தலுக்குக் கொஞ்சம் முன்னால், இத்தாலியில், பலெர்மோ நகரத்தில், அல்பெர்கேரியாப் பக்கம். நான் லிபெர்த்தா வீதியில் பெரிய வீடுகளின் மாடிப்படி கழுவுகிறவன். படிப்பு குறைவு. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

எங்கள் இலங்கைத் தமிழ் ஆட்களில் பலருக்கு இப்போது இத்தாலிப் பிரசாவுரிமை உண்டு. ஆனால் வாக்கு அட்டையைப் போய் எடுக்காமல் விட்டுவிடுவார்கள். அட்டை இல்லாமல் வாக்குப் போட முடியாது. வீடு வீடாகப் போய்ச் சொல்ல ஆள் வேண்டும் என்று கோவிலில் கேட்டார்கள். நான் போனேன்.

எங்கள் சனம் பெரும்பாலும் வீட்டு வேலைக்காரர். மத்தியானம் வீட்டுக்கு வந்து பின்னேரம் திரும்ப வேலைக்குப் போவார்கள். இடையில்தான் வீட்டில் பிடிக்கலாம். அந்த நேரம் ஊரே கதவைச் சாத்திப் படுத்திருக்கும். அன்றைக்கு ஆபிரிக்காவிலிருந்து சூட்டுக் காற்று வேறு. வானம் மஞ்சளாகக் கிடந்தது. ஒழுங்கையில் ஒரு நாய்கூட இல்லை.

மூன்றாம் மாடியில் வன்னி அக்கா ஒருவர் இருக்கிறார், இன்னும் அட்டை எடுக்கவில்லை என்று சொல்லியிருந்தார்கள். படிக்கட்டில் வெளிச்சம் இல்லை. கதவுக்கு வெளியே இரண்டு சோடிச் செருப்பு. ஒன்று பெண்ணுடையது. மற்றது பெரிய ஆம்பிளைத் தோல் செருப்பு, துடைத்து வைத்தது போலிருந்தது. செருப்பு வெளியே என்றால் ஆள் உள்ளே. தட்டினேன். உள்ளே ஓடிய காற்றாடி நின்றது.

கடதாசியைப் பிரித்துக்கொண்டு, "தேர்தல் விசயமா வந்தனான். வீட்டிலை எத்தனை பேர்? பேரைச் சொல்லுங்கோ, பதிஞ்சு கொண்டு போறன்" என்றேன்.

பிறகு ஒரு பெண் குரல், எனக்கில்லை, உள்பக்கம் திரும்பிச் சொன்னது.

"நீங்கள் எழும்பாதேங்கோ. படுங்கோ."

கொஞ்சம் பொறுத்து, கதவுக்குக் கிட்ட, மெதுவாக:

"இஞ்சை ஒருத்தரும் இல்லை."

கடதாசியை மடித்தேன். இறங்கிவிட்டேன். கீழ் வாசலுக்குள் கதிரை போட்டு இருந்த இத்தாலிக்காரச் சிஞ்ஞோராவிடம், மேலே புருசன் சுகமில்லையா என்று கேட்டேன். "எந்தப் புருசன்? அவள் வந்த நாள் முதல் தனியாள்" என்றாள்.

வீட்டுக்கு வந்து மனுசியிடம் சொன்னேன். சிரித்தாள்.

"பேய்க்கும் வோட்டு இருக்கோ அப்பா?"

பிறகு நான் கதவில் கேட்டதைச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். சிரிப்பு நின்றது.

"கடதாசியோடை நிண்டு வீட்டிலை எத்தனை பேர் எண்டு கேட்டனீங்களோ? சண்டைக்குள்ளை வன்னியிலை துவக்கோடை ஆளைக் கொண்டு போக வந்தவையும் அப்பிடித்தான் கேட்டவை."

நான் மன்னார். சண்டை முடிய முன்னமே இங்கே வந்துவிட்டேன். மனுசி கடைசிவரை வன்னியில் இருந்தவள். அதுவரை அவள் அதைப் பற்றிக் கதைத்ததில்லை, நானும் கேட்டதில்லை.

அடுத்த நாள் அதே நேரம் இருவரும் போனோம். கடதாசியை வீட்டில் விட்டேன். பெரிய செருப்பு முதல் நாள் கதவைப் பார்த்துக் கிடந்தது. இன்றைக்குப் படியைப் பார்த்துக் கிடந்தது. மனுசியும் அதைப் பார்த்தாள். தட்டவில்லை. படியில் குந்தினாள்.

"அக்கா, சரியான வெக்கை. கொஞ்சம் தண்ணி தாறீங்களோ?"

வெகு நேரம் கழித்துக் கதவு சங்கிலி அளவுக்குத் திறந்தது. தண்ணீர் வந்தது. பிறகு குரல் வந்தது.

"அண்டைக்கும் பதியிறம் எண்டுதான் வந்தவை. எத்தனை பேர் எண்டு கேட்டவை. நான் ரெண்டு பேர் எண்டு சொல்லிப் போட்டன். இவர் உள்ளுக்கை நித்திரை. எழுப்பிக் கொண்டு போனவை."

புருசன் திரும்பி வரவில்லை என்றார். இந்தச் செருப்பு இங்கே சந்தையில் வாங்கியது. அவருடைய அளவு. யாரிடம் படுங்கோ என்று சொன்னீர்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது.

"அட்டை எடுக்கிற இடத்திலை எத்தனை பேர் எண்டு கேப்பினமோ?"

"இல்லை அக்கா. உங்கடை பேர் மட்டும்தான்."

மனுசி கூடப் போய் அட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

தேர்தலன்று அக்காவுக்காக நாங்கள் இருவரும் வாக்குச் சாவடியில் காத்து நின்றோம். அது ஒரு பள்ளிக்கூடம். வாசலில் இடுப்பில் துவக்கோடு ஒரு பொலிஸ்காரர். இங்கே அது வழக்கம். எனக்கு அப்போதுதான் உறைத்தது. பள்ளிக்கூடம், துவக்கு, உள்ளே பேர் வாசிக்கிறவர்கள். அக்கா திரும்பிப் போய்விடுவார் என்றே நினைத்தேன்.

வந்தார். கல் பதித்த தெருவில் டப் டப் என்று சத்தம் கேட்டது. காலில் அந்தப் பெரிய செருப்பு.

"உங்கடை எங்கை அக்கா?" என்றாள் மனுசி.

"வீட்டு வாசலிலை கிடக்கு. வீட்டிலை ஆள் இருக்கெண்டு இருக்கட்டும்."

பொலிஸ்காரரைப் பார்த்து நின்றார். மனுசியின் கையைப் பிடித்தார், விட்டார், தனியே நடந்தார். வகுப்பறை வாசலில், வீட்டில் போலவே, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். வெறுங்காலோடு உள்ளே போனார். அவருடைய பேரை யாரோ சத்தமாக வாசித்தது வெளியே கேட்டது. "ஓம்" என்று தமிழில் சொன்னார்.

பொலிஸ்காரர் விறாந்தையால் வந்தவர், தனியாகக் கிடந்த ஆம்பிளைச் செருப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இது யாருடையது என்றார்.

உள்ளே ஆள் இருக்கிறார் என்றேன்.

இப்போதும் தேர்தல் என்றால் வீடு வீடாகப் போகிறேன். கடதாசி சட்டைப் பையை விட்டு வெளியே வராது, முதலில் என் பேரைச் சொல்கிறேன், உள்ளே எத்தனை பேர் என்று மட்டும் ஒருவரிடமும் கேட்பதில்லை.