வளைவைத் தாண்டினால் பாலம்

வரைபட அலுவலகத்தில் அவருக்குக் 'கோடு' என்று பெயர். பதினைந்து வருடமாக நாற்காலியை விட்டு எழாமல் ஊருக்கெல்லாம் நடக்க வழி போட்டுக் கொடுப்பவர். சொந்தக் காலால் நடந்தது பஸ் நிறுத்தம் வரைதான்.

"உட்கார்ந்து கோடு போடறதுக்கு ஒரு சம்பளம்" என்பது அவர் மனைவியின் நிரந்தர அபிப்பிராயம். அதை மாற்றத்தான், இலையெல்லாம் கொட்டிக் குளிர் இறங்கத் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவளை ஆற்றங்கரைக் காட்டுப் பாதைக்கு அழைத்து வந்தார். அவரே வரைந்த வரைபடம். ஓரத்தில் அவர் கையெழுத்து. எட்டு கிலோமீட்டரில் பாலம், பாலத்துக்கு அந்தப் பக்கம் ஐந்து மணிக்குக் கடைசி பஸ். ஏறி உட்கார்ந்ததும் அவள் "பரவாயில்லையே" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

ஈர இலையில் இரண்டு முறை வழுக்கிய பிறகு அவள் கேட்டாள். "பாலம் எங்கங்க?"

"இந்த வளைவைத் தாண்டினா வந்துடும்."

"போன வளைவுலயும் இதையேதான் சொன்னீங்க."

வளைவைத் தாண்டினார்கள். பாலம் இல்லை. ஆற்றின் குறுக்கே ஒரு பெரிய மரம் விழுந்து, பாசி பிடித்து, நடுவில் உளுத்து முறிந்து கிடந்தது. கோடு வரைபடத்தை மெல்ல மடித்தார். விமானத்திலிருந்து எடுத்த படத்தில் ஆற்றை வெட்டிக்கொண்டு சாம்பல் நிறத்தில் தெரிந்தது இதுதான். மரத்துக்குப் பாலமாகப் பதவி உயர்வு கொடுத்தவர் அவர். இரண்டு முறை புகார்க் கடிதம் வந்தபோது, 'வளைவைத் தாண்டிப் பார்க்கவும்' என்று பதில் எழுதியவரும் அவரே.

கரையில் ஒருவர் காலுறையைப் பிழிந்துகொண்டிருந்தார். "நீங்களும் பாலத்தை நம்பி வந்தீங்களா சார்? இறங்கிப் பார்த்தேன், இடுப்பளவு தண்ணி, ஆளை இழுக்குது. இதை வரைஞ்சவன் மட்டும் என் கையில கிடைச்சான்…"

"பொறுப்பில்லாத பசங்க சார்" என்றார் கோடு.

மனைவி அவரைப் பார்த்த பார்வையில் காலுறை காய்ந்திருக்கும். அவரைத் தள்ளி இழுத்துப் போய், வரைபடத்தைப் பிடுங்கி ஓரத்தைப் படித்தாள். "'களத்தில் சரிபார்க்கப்பட்டது.' அடேயப்பா, தேதி வேற!" சட்டென்று குரல் தணிந்தது. "ஏங்க, இது நம்ம பொண்ணு பொறந்த நாளாச்சே. அன்னிக்குப் பூரா ஆஸ்பத்திரியில என் பக்கத்துலதானே இருந்தீங்க?"

"லீவு கேட்டேன், தரல. களத்துக்குப் போறேன்னு எழுதி வெச்சுட்டு வந்துட்டேன்."

"எங்க அம்மாகிட்ட லீவு கிடைச்சுதுன்னு சொன்னீங்களே!"

"சொன்னேன்."

"சே, உங்களைத் திட்டக்கூட விடமாட்டீங்களே" என்று அவள் எரிந்து விழுந்தாள்.

எதிர்க்கரையில் பஸ் வந்தது, நின்றது, போயிற்று. மூவரும் வந்த வழியே எட்டு கிலோமீட்டர் திரும்பினார்கள். காலுறைக்காரர் ஓயவில்லை. "இந்த மாதிரி ஆளுக்கெல்லாம் குடும்பம்னு ஒண்ணு இருக்குமாம்மா?"

"இருக்குங்க" என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமல். "அதனாலதான் பாலம் இல்ல."