நாலு பொட்டலம் சுருமுரி

நேற்று சாமராஜநகர் செய்தி ஒன்றில் தாலுகா பெயரைத் தப்பாக எழுதி அனுப்பிவிட்டேன். பெங்களூரில் யாரோ, முகம் தெரியாத ஆள், இணையதளத்தில் சத்தமில்லாமல் திருத்திவிட்டார். ஒரு திட்டு இல்லை, ஒரு கிண்டல் இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்ச் சுருமுரி வாங்கினேன்.

ஏன் என்று கேட்பீர்கள். எங்கள் பத்திரிகையின் மைசூர் ஆபீசில் ஒரு வழக்கம். அச்சில் தப்பு வந்தால், செய்தவர் நாலு மணிக்கு எல்லோருக்கும் சேர்த்து ஒரு பெரிய பொட்டலம் சுருமுரி வாங்கி வர வேண்டும். பொரி, மாங்காய், வெங்காயம், கேரட் துருவல், மேலே தாராளமாகத் தேங்காயெண்ணெய். அந்த எண்ணெய்க் கறை இல்லாத தாளை எங்கள் மேசையில் பார்த்த ஞாபகமே இல்லை. அதிகம் வாங்கியவள் நான்தான். கோபத்தில் எழுதுவேன், எழுதியதைத் திரும்பப் படிக்கமாட்டேன்.

"ஏம்மா, இன்னிக்கு யார எரிக்கப் போறே? தீப்பெட்டி இருக்கா?" என்பார் சீஃப் சம்பத் சார். போட்டோகிராபர் பாஷாவைச் சாக்கடை அடைப்பைப் படம் எடுக்கச் சொன்னாலும் ஒரு மூலையில் அரண்மனை வந்துவிடும். நாலாவது ஆள் செல்வி. சாமராஜநகர் பக்கம் ராமாபுரத்துப் பெண், ஒப்பந்த வேலை. அப்போதுதான் அம்மாவையும் அழைத்துவந்து மைசூரில் வீடு பிடித்திருந்தாள்.

அந்தத் தசரா சமயத்தில் பெங்களூரில் ஆள் குறைக்கிறார்கள் என்று பேச்சு. ஒரு சாக்குக் கிடைத்தால் போதும். கிடைத்தது. ஊர்வல யானைகளை எடை போட்ட படத்தில், ஆள் உயரத் தந்தம் வைத்திருந்த வீரய்யனுக்குக் கீழே 'சாதுவான பெண் யானை கௌரி' என்று போட்டுவிட்டாள் செல்வி. இந்த ஊரில் மந்திரி பெயரை மாற்றினால் மன்னிப்பார்கள், யானை பெயரை மாற்றினால் மன்னிக்கமாட்டார்கள். காலையிலிருந்து போன். "தந்தம்கூட கண்ணுக்குத் தெரியலயா உங்களுக்கு?"

மதியம் பெங்களூரிலிருந்து மேனேஜரே வந்து உட்கார்ந்தார். எங்கள் ஆபீசில் எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு, யார் செய்தது என்று கம்ப்யூட்டர் சொல்லாது. ஆனால் ஆள் விவரமானவர், எங்கள் வழக்கம் அவருக்குத் தெரியும்.

"காபி வேணாம். நாலு மணிக்குச் சுருமுரி வரும்ல? இருக்கேன்" என்றார்.

செல்வி என் பக்கம் சாய்ந்தாள். "வாங்கித்தானக்கா ஆகோணும், தப்பு என்னுதுங்களே" என்று என் காதில் சொல்லிவிட்டு எழுந்து போனாள். அசட்டுப் பெண். எனக்கு வந்த கோபத்தில் நானும் எழுந்து மறுபக்கத் தெருவுக்குப் போனேன். அங்கிருந்த இன்னொரு சுருமுரி வண்டிக்கு முன்னால் பாஷா நின்றுகொண்டிருந்தான். கடைக்காரர் கேட்டார், "இப்பதான் சம்பத் சாரு வாங்கிட்டுப் போனாரு. என்ன குரு, இன்னிக்கு ஆபீசே சேந்து தப்பு பண்ணிச்சா?"

நாலு மணிக்கு மேசையில் நாலு பொட்டலம். ஒருவரோடொருவர் பேசி வைக்கவில்லை, நம்புங்கள்.

"யானைக்குப் பேரு வெச்சது யாரு?" என்றார் மேனேஜர்.

"நான்தான் சார்" என்றார் சம்பத் சார்.

"படம் நான் எடுத்தது, தப்பும் என்னுது" என்றான் பாஷா.

"ரெண்டு பேரும் பொய் சொல்றாங்க, நான்தான்" என்று கத்தினேன். செல்வி வாயைத் திறந்தாள். சம்பத் சார் அவள் வாயில் ஒரு பிடி பொரியைத் திணித்துவிட்டார்.

மேனேஜர் எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். ஒரு பொட்டலத்தை இழுத்துக்கொண்டு சாப்பிட்டார். "காரம் ஜாஸ்தி" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். செல்வியின் ஒப்பந்தம் நீடித்தது.

நீடிக்காதது ஆபீஸ்தான். சில வருஷங்களில் அதையே மூடினார்கள். இப்போது அங்கே மொபைல் கடை. சம்பத் சார் ஓய்வில், பாஷா கல்யாண வீடுகளில், செல்வி பெங்களூர் டிவியில். நான் சமையலறையில் உட்கார்ந்து செய்தி அனுப்புகிறேன்.

நேற்று பொட்டலத்தைப் படம் எடுத்து அவர்களுக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது. "என்னக்கா தப்பு?" என்றாள் செல்வி. "எந்த யானை?" என்றான் பாஷா. "தீப்பெட்டி இருக்கா?" என்றார் சம்பத் சார்.

சிரித்துக்கொண்டே பிரித்தேன். வைக்க மேசை இல்லை. ஸ்கூட்டர் சீட்டில் வைத்து, நாலு பேருக்கு வாங்கியதை நான் ஒருத்தியே தின்று தீர்த்தேன்.