ரிங்கைத் தொடாத பந்து

1. மீன்காரர் ஹாரன்

ஷாட் கிளாக்கில் நான் முதன்முதலாக உட்கார்ந்த அன்று காரைக்காலில் ஷாட் கிளாக்கே இல்லை. கடற்கரைச் சாலைப் பக்கம் இருந்த சிமெண்ட் கோர்ட்டில் கூடைப்பந்து கிளப் போட்டி. பந்து கையில் வந்த டீம் இருபத்திநாலு நொடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும். அந்த நேரத்தைக் கணக்கு வைப்பதுதான் வேலை. என்னிடம் கொடுத்தது ஒரு ஸ்டாப் வாட்ச். நேரம் முடிந்தால் சத்தம் கொடுக்க வேண்டும், அதற்கு என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. கிளிஞ்சல்மேட்டிலிருந்து வண்டியில் மீன் கொண்டுவருபவர் ஒருவர் ஆட்டம் பார்க்க நின்றிருந்தார். அவர் வண்டியில் இருந்த ரப்பர் ஹாரனைக் கழற்றி மேசைமேல் வைத்தோம்.

முதல் பாதியில் இரண்டு முறை அழுத்தினேன். மூன்றாவது முறை அழுத்தியபோது எதிர்த் தெருவிலிருந்து நாலு பெண்கள் பாத்திரத்தோடு வந்து நின்றார்கள்.

"என்னா மீன் இருக்கு?" என்று ஒரு அம்மா என்னிடமே கேட்டார்.

ரெஃப்ரி சிரித்துச் சிரித்து விசில் ஊத முடியாமல் நின்றார். அப்படி ஆரம்பித்தது என் டேபிள் வேலை. போலகம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் பி.டி. டீச்சர் வேலை, ஊர் விழிதியூர். பள்ளி விடுமுறைகளில் போட்டிகளுக்குப் போவேன். டேபிள் அஃபிஷியல் பரீட்சை எழுதினேன். முதல் முறை தேறவில்லை, இரண்டாம் முறை தேறினேன். அடுத்த ஜூனில் பள்ளியிலிருந்து ஓய்வு. இந்த வேலைக்குப் புதிதாக வரும் பெண்கள் சில பேர் "எழுதிக் குடுங்க டீச்சர்" என்று கேட்டதால் எழுதுகிறேன். பல போட்டிகள் இருக்கின்றன. ஆனால் எழுத வேண்டியது ஒன்றுதான் என்று தோன்றுகிறது.

2. மேசையில் அஞ்சு பேர்

சில வருஷங்களுக்கு முன்பு சென்னையில் ஒரு பெரிய போட்டி நடந்தது. தெற்காசிய நாடுகளிலும் வளைகுடாவிலும் முதலிடம் பிடித்த கிளப்புகள் எல்லாம் ஒரே இடத்தில் மோதின. டாக்கா, காத்மாண்டு, மாலே, கொழும்பு என்று எட்டு டீம்கள். ஃபைனலில் ஜெயிக்கும் கிளப் அடுத்த கட்டத்துக்கு வேறு நாட்டுக்குப் போகும். எனக்கு ஷாட் கிளாக் வேலை. கடிதம் வந்த அன்று அதை என் வீட்டுக்காரர் மூன்று தடவை சத்தமாகப் படித்தார்.

மேசையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஸ்கோர் எழுத இரண்டு பேர். நடுவில் கமிஷனர், அவர்தான் மேசைக்குப் பொறுப்பு. அவருக்கு இந்தப் பக்கம் டைமர், ஆட்டக் கடிகாரத்தை ஓட்டுபவர். அவருக்கும் அடுத்து கடைசி நாற்காலியில் நான்.

கமிஷனர் மலேசியத் தமிழர். தலை முழுக்க நரைத்தவர், அதிகம் பேச மாட்டார். டைமர் சேலத்துக்காரர் தனபால் சார். என்னோடு பல போட்டிகளில் உட்கார்ந்தவர். வெல்லமும் கடலையும் பையில் வைத்திருப்பார், ஒவ்வொரு குவாட்டர் முடிந்ததும் எனக்கும் ஒரு கை கொடுப்பார்.

முதல் நாள் ஆட்டத்துக்கு முன்பு வீட்டுக்குப் போன் செய்தேன். "ஏங்க, மோட்டாரப் போட்டுட்டு மறந்து போய் படுத்துடாதீங்க. செத்த பாத்து அணைச்சிடுங்க" என்று சொல்லிவிட்டு வைத்தேன். வளைகுடா கிளப்பின் பெஞ்சில் துண்டுகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். வெள்ளைத் தாடி, கிளப்பின் பச்சை பனியன்.

"நீங்க காரைக்காப் பக்கமா?"

"விழிதியூரு. நீங்க?"

"காரைக்காலேதான். பெரிய பள்ளிவாசல் பக்கத்துல. பேரு ஜெகபர். மோட்டாரு, செத்தன்னு காதுல விழுந்துச்சு, நம்ம ஊருப் பேச்சாச்சேன்னு திரும்புனேன்."

அவர் அந்த கிளப்பின் கிட்மேன். பன்னிரண்டு ஆட்டக்காரர்களுக்கும் ஜெர்சி துவைப்பது, ஷூ லேஸ் மாற்றுவது, தண்ணீர் பாட்டிலில் பெயர் ஒட்டுவது எல்லாம் அவர் வேலை. இருபத்திரண்டு வருஷமாக அதே கிளப். கிட்டத்தட்ட ஏழடி உயரத்தில் மார்கஸ் என்று அவர்களுக்கு ஒரு அமெரிக்க ஆட்டக்காரர் இருந்தார். அவர் ஷூவை என் இரண்டு கையாலும் சேர்த்துத்தான் தூக்க முடியும். அவர் குனிந்து நிற்க, ஜெகபர் பாய் ஒரு ஸ்டூல்மேல் ஏறி அவர் தோளில் டேப் ஒட்டுவார். திட்டிக்கொண்டேதான் ஒட்டுவார்.

"ஆடாம நில்லுடா வாப்பா. தென்ன மரத்துக்கு மருந்து அடிக்கிற மாதிரி இருக்கு."

மார்கஸுக்கு ஒரு எழுத்தும் புரியாது. ஆனால் பாய் இறங்கும்போது அவர் கையைப் பிடித்துக்கொள்வார்.

கமிஷனரிடம் அன்றே சொன்னேன். "சார், அந்த டீம் கிட்மேன் எங்க ஊரு. இன்னைக்குத்தான் தெரியும்."

"சொன்னது நல்லது. வெளிய பேசுங்க, மேசையில வேண்டாம்" என்றார்.

அதன்படிதான் நடந்தேன். சாப்பாட்டுக் கூடத்தில் மட்டும் பேசுவோம். அந்தப் பேச்சில்தான் பாய் ஒரு நாள் சொன்னார்.

"இந்த சீசனோட நான் கெளம்புறேன் தங்கச்சி. முட்டி ஒத்துழைக்கல. இருபத்திரண்டு வருசத்துல இந்த மாதிரிப் போட்டியில நாங்க ஃபைனல் ஆடுனதே இல்ல. ஒவ்வொரு தடவையும் அதுக்கு முன்னாடியே பொட்டியக் கட்டிருவேன். இந்தத் தடவ புள்ளைங்க நல்லா ஆடுறாங்க. இன்ஷா அல்லாஹ்."

இந்தத் தடவை நடக்கும் என்றுதான் நானும் சொன்னேன். நடுநிலையாக இருக்க வேண்டியவள் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன்.

3. கொழும்பு கிளப்போடு அரையிறுதி

அரையிறுதியில் பாய் டீமுக்கு எதிராகக் கொழும்பு கிளப் வந்தது. கூட்டம் நிரம்பி வழிந்தது. இலங்கைக்காரர்கள் ஒரு பக்கம் மேளமும் எக்காளமுமாகப் பப்பரே வாசிக்க, வளைகுடாவில் வேலை பார்த்து வந்த நம் ஆட்கள் மறுபக்கம் தகரத்தைத் தட்ட, பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது.

கடைசி நிமிடம். கொழும்பு ஒரு பாயிண்ட் முன்னால். பந்து ஜெகபர் பாய் டீமிடம். என் கடிகாரத்தில் இரண்டு நொடி மிச்சம் இருக்கும்போது ஒரு பையன் தூரத்திலிருந்து எறிந்தான்.

இங்கே விதியைச் சொல்ல வேண்டும். எறிந்த பந்து கூடையின் இரும்பு வளையமான ரிங்கில் பட்டு அதே டீம் கைக்குத் திரும்பினால் அவர்களுக்குப் புதிதாகப் பதினாலு நொடி. ரிங்கில் படாவிட்டால் பழைய நேரமே ஓடும். அதாவது அந்த இரண்டு நொடி முடிந்ததும் ஹாரன் அடித்து, பந்து எதிர் டீமுக்குப் போக வேண்டும்.

பந்து ரிங்குக்குப் பின்னால் இருக்கும் போர்டின் ஓரத்தில் பட்டு மார்கஸ் கையில் விழுந்தது. நான் பதினாலு போட்டேன்.

பட்டனிலிருந்து விரலை எடுப்பதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. ரிங் ஆடவில்லை. வலையும் அசையவில்லை. வழக்கமாகக் காதையும் நம்பித்தான் நான் அந்த வேலையைச் செய்வேன். அன்று காதில் தகரம்தான் கேட்டது. கண் பார்ப்பதற்கு முன்னால் கை போய்விட்டது.

ரெஃப்ரி விசில் ஊதவில்லை. ரிங்குக்குக் கீழே ஏழெட்டுப் பேர் குதித்துக்கொண்டிருந்ததில் அவருக்கு மறைத்திருக்க வேண்டும். மார்கஸ் பந்தை வெளியே கொடுத்தார், அது ஒரு சுற்று சுற்றித் திரும்ப அவரிடமே வந்தது, உள்ளே போட்டார். வளைகுடா கிளப் ஒரு பாயிண்ட் முன்னால். கொழும்பு கோச் உடனே டைம் அவுட் கேட்டார். அவர்களில் ஒரு ஆட்டக்காரர் ரிங்கைக் கையால் காட்டி ஏதோ கத்தினார். யாரும் அவரைக் கவனிக்கவில்லை.

டைம் அவுட் அறுபது நொடி. அந்த மைதானத்தில் வீடியோ பார்த்துத் தீர்மானிக்கும் வசதி கிடையாது. நான் வாய் திறக்காவிட்டால் ஆட்டம் அப்படியே போகும்.

பெஞ்சுக்குப் பின்னால் ஜெகபர் பாய் தண்ணீர் பாட்டில்களை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தை நான் பார்த்திருக்கக் கூடாது. பார்த்தேன்.

தனபால் சார் என் முகத்தைக் கவனித்துவிட்டார். "என்ன டீச்சர்?"

"ரிங்ல படல சார். தப்பாப் பதினாலு போட்டுட்டேன்."

அவர் தன் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமல் மெதுவாகச் சொன்னார். "யாரும் கேக்கல. ரெஃப்ரியே பாக்கல. இதச் சொன்னா உங்க பேருதான் கெடும். அடுத்து எந்தப் போட்டிக்கும் கூப்பிட மாட்டாங்க. பேசாம இருங்க."

கெட்ட மனிதர் அல்ல அவர். என்மேல் இருந்த அக்கறையில் சொன்னார். நான் உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து, அவரைத் தாண்டிக் குனிந்து கமிஷனரிடம் சொன்னேன்.

"சார், என் தப்பு. பந்து ரிங்கைத் தொடல. நான் பதினாலு போட்டுட்டேன். ரெண்டு செகண்ட்தான் இருந்துச்சு. அந்தக் கூடை அதுக்கப்புறம் விழுந்தது."

"ஷுவரா அம்மா?"

"ஷுவர் சார்."

"எல்லார் முன்னாலயும் சொல்லுவீங்களா?"

"சொல்றேன்."

கமிஷனர் மூன்று ரெஃப்ரிகளையும் கூப்பிட்டார். எதிர்ப்பக்கம் நின்ற ரெஃப்ரி, தனக்கும் சந்தேகம் இருந்தது, உறுதியாகத் தெரியாததால் விசில் ஊதவில்லை என்றார். இரண்டு கோச்சுகளையும் வரவழைத்தார்கள். அவர்கள் முன்னால் நான் இன்னொரு முறை சொன்னேன். என் இங்கிலீஷ் அப்போது திக்கியது. வளைகுடா கோச் கையிலிருந்த பலகையைத் தரையில் வீசினார். கூடை ரத்து. ஸ்கோர் பழையபடி, பந்து கொழும்புக்கு.

அரை நிமிடத்துக்கும் கொஞ்சம் கூடுதலாக ஆட்டம் மிச்சம் இருந்தது. கொழும்பு எறிந்த பந்து விழவில்லை. கடைசியில் பாய் டீமின் பையன் ஒருவன் ஓடி வந்து எறிந்தான். அது ரிங்கில் இரண்டு சுற்றுச் சுற்றி வெளியே விழுந்தது. ஹாரன் அடித்தது.

4. ஈரத் துண்டுகள்

கையெழுத்துப் போடும் வேலைகள் முடிந்து நிமிர்ந்தபோது கூட்டம் கலைந்திருந்தது. பாய் தனியாகப் பெஞ்சின் அடியில் கிடந்த ஈரத் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். போகாமல் இருக்கலாம் என்று நினைத்தேன். கால் தானாக அங்கே போய்விட்டது.

"பாய்…"

"செத்த இருங்க" என்றார். குனிந்தபடியே எல்லாத் துண்டுகளையும் பையில் போட்டு நாடாவை இழுத்துக் கட்டினார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து பக்கத்தைக் காட்டினார். உட்கார்ந்தேன்.

"அது ரிங்கத் தொடல. எனக்கும் தெரியும்" என்றார்.

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன்.

"நான் பின்னாலதான் நின்னேன். நேராத் தெரிஞ்சுச்சு. யா அல்லாஹ், வேற யாரும் பாத்திருக்கக் கூடாதுன்னு துஆ கேட்டேன். நீங்க எந்திரிக்கறதப் பாத்தேன். எனக்குக் கோவம்தான் தங்கச்சி வந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன். ஊர்க்காரிக்கு இது தேவையான்னு நெனச்சேன்."

"இப்ப?"

"இப்ப வெக்கமா இருக்கு. என்னா துஆ கேட்டிருக்கேன் பாருங்க."

கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு பையைத் தூக்கித் தோளில் போட்டு, "புள்ளைங்க ஒண்ணும் சாப்பிடாம கெடப்பானுங்க, போயி அதட்டணும்" என்று எழுந்து போனார்.

ஃபைனலுக்கு என்னை ஷாட் கிளாக்கில் போடவில்லை. கமிஷனர் சுற்றி வளைக்காமல் சொன்னார். "நேர்மையா இருந்தீங்க, அத ரிப்போர்ட்டுல எழுதியிருக்கேன். தப்பு செஞ்சீங்க, அதையும் எழுதியிருக்கேன்." மேலே பார்வையாளர் பகுதியில் உட்கார்ந்து ஃபைனலைப் பார்த்தேன். தனபால் சார் நான் இருக்கும் இடம் தேடி வந்து கடலை கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு சீசன் யாரும் கூப்பிடவில்லை. மூன்றாவது சீசன் அதே கமிஷனர் என் பெயரைச் சொல்லிக் கேட்டதாகக் கடிதம் வந்தது. இன்றுவரை போய்க்கொண்டிருக்கிறேன்.

5. காரைக்காலில் ஒரு மதியம்

பாய் அந்த வருஷமே ஊர் திரும்பினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் என் வீட்டுக்காரரையும் சாப்பிடக் கூப்பிட்டார். நெய்ச்சோறு, இறால், ஆணம் என்று அவர்கள் சொல்லும் மீன் குழம்பு. வீட்டில் மகள், மருமகன், மச்சான் வீட்டுக்காரர்கள் எல்லாரும் இருந்தார்கள். "எங்க டீமைத் தோக்கடிச்ச டீச்சர் இவங்கதான்" என்று என்னை ஒவ்வொருவரிடமும் அறிமுகம் செய்தார். அதை அவர் சொன்ன விதத்தில் ஒரு பெருமை இருந்தது. என் வீட்டுக்காரர் இலையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சாப்பிட்டார்.

எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. எல்லாரும் என்னை நேர்மை நேர்மை என்கிறார்கள், ஒரு விஷயம் யாருக்கும் தெரியாது. கை கழுவும் இடத்தில் பாயிடம் சொன்னேன்.

"டைம் அவுட்டுல நான் உடனே எந்திரிக்கல பாய். நாப்பது செகண்ட் சும்மா உக்காந்திருந்தேன். தனபால் சார் கடிகாரம் என் கண்ணு முன்னாடிதான் ஓடிச்சு."

துண்டை நீட்டியபடி கேட்டார். "அந்த நாப்பது செகண்டுல என்னா நெனச்சீங்க?"

"உங்களத்தான்."

பாய் துண்டை என் கையில் கொடுத்தார். உள்ளே பார்த்து மனைவியிடம் சொன்னார். "டீச்சர் சரியாச் சாப்பிடல. திரும்ப எல போடு."

மறுபடி உட்கார்ந்து சாப்பிட்டேன்.

புதிதாக மேசைக்கு வருபவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். இந்த வேலையில் விரல் தவறும். எனக்குத் தவறியது, உங்களுக்கும் தவறும். தவறியது தெரிந்த அந்த நொடியே கையைத் தூக்கிவிடுங்கள். எதிரே யார் நிற்கிறார்கள் என்று பார்க்க ஆரம்பித்தால் நமக்குப் பிடித்த ஒருவர் கட்டாயம் அங்கே நின்றுகொண்டிருப்பார்.