காக்கைகளுக்கு ஆகாத சமையல்காரன்

சாப்பாட்டுக் கடைச் சமையல்காரனுக்கு ஊரெல்லாம் பழக்கம் இருக்கும், கூட உட்கார்ந்து சாப்பிடத்தான் ஆள் இருக்காது. கரண்டி பிடித்த உங்களுக்கெல்லாம் இது தெரியும். ஐம்பதுகளின் கடைசியில் நான் குற்றாலத்தில் ஒரு கடையில் சமைத்துக்கொண்டிருந்தேன்.

ஊறிய வடை

சாரல் நின்று சீசன் முடிந்துவிட்டால் ஈ ஓட்ட வேண்டியதுதான். பரிமாறுகிற இசக்கியும் நானும் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்போம். தவறாமல் வருகிற வாடிக்கை கொல்லைப்புறத்துக் காக்கைகள் மட்டும்தான்.

ஒரு நாள், நான் வீசிய பழைய வடையை ஒரு காக்கை கொத்திப் பார்த்தது. கல்லாக இருந்தது. தூக்கிக்கொண்டு போய்க் கைகழுவுகிற தொட்டியில் முக்கி, ஊறிய பிறகு தின்றது. அன்றைக்கு வந்த ஒரே ஆள், ஒரு செங்கோட்டை மர வியாபாரி, அதைப் பார்த்துவிட்டுத் தன் இலையிலிருந்த வடையைத் தொட்டுப் பார்த்தார். "ஏன்வே, காக்காயே ஊறப்போட்டுத்தான் திங்குது. எனக்கும் ஒரு செம்புத் தண்ணி கொண்டாரும்."

மூஞ்சி

ஆனி மாதக் காற்றில் வேப்பமரத்திலிருந்து ஒரு காக்கைக் குஞ்சு விழுந்தது. பூனை வாய்க்குப் போய்விடுமே என்று எடுத்துக் கிளையில் வைத்தேன். தாய், தகப்பன், சித்தப்பன், பெரியப்பன் எல்லாம் சேர்ந்து என் தலையைக் கொத்திவிட்டன. அதிலிருந்து நான் கொல்லையில் தலை காட்டினாலே ஒரே கரைச்சல். இசக்கியை ஒன்றும் செய்யாது. சட்டையை மாற்றினேன். அவன் துண்டையே வாங்கித் தலையில் கட்டினேன். பலிக்கவில்லை. இசக்கி சிரித்தான். "துண்டை மாத்தி என்ன செய்ய அண்ணாச்சி? அதுக உங்க மூஞ்சியல்லா பாத்து வச்சிருக்கு."

ஆடி அமாவாசை

தென்காசிக் குடும்பம் ஒன்று அருவியில் குளித்து, தகப்பனாருக்குத் தர்ப்பணம் கொடுத்துவிட்டு விரதத்தோடு வந்தது. காக்கை சோறெடுத்தால்தான் அவர்கள் கை நனைப்பார்கள். என்ன புத்தியோ, பவ்யமாக நானே கொல்லைச் சுவரில் இலையை வைத்தேன். காக்கைகள் மரத்திலிருந்து திட்டினவே தவிர இறங்கவில்லை. அப்பாவுக்கு என்ன குறை வைத்தோமோ என்று மூத்த மகன் கண்கலங்கினார். இசக்கி என்னை உள்ளே தள்ளிவிட்டு வேறு இலை வைத்ததும் கூட்டமாக இறங்கின. மகன் அடுப்படிக்கே தேடி வந்தார். "எங்கப்பாவுக்கு உம்மளக் கண்டாலே ஆகல வே."

திவசம்

பிறகு மேலகரத்தில் என் வீட்டுக்காரி காய்ச்சலில் போய்விட்டாள். பிள்ளைகள் இல்லை. வீட்டைக் காலி செய்துவிட்டுக் கடையின் பின்கட்டிலேயே படுத்துக்கொண்டேன்.

வருஷம் திரும்பியது. திவசத்துக்கு அவளுக்குப் பிடித்த சொதி வைத்தேன். காக்கைகளின் சங்கதி தெரிந்திருந்தும், என் கையால்தான் அவளுக்கு இலை வைக்க வேண்டுமென்று ஆசை. வைத்தேன். ஒன்றும் இறங்கவில்லை. சோறு ஆறிப்போயிற்று. அவளும் என்னை வேண்டாமென்று சொல்கிற மாதிரி இருந்தது, அழுதுவிட்டேன். இசக்கி வேறு இலையில் சோறு வாங்கிக்கொண்டு என்னை உள்ளே போகச் சொன்னான்.

ஒரு காக்கை வந்தது. தின்னாமல் மற்றவற்றைக் கரைந்து கூப்பிட்டது. அவளும் தனியாகச் சாப்பிட மாட்டாள், நான் எந்நேரம் வந்தாலும் காத்திருப்பாள். இசக்கி திரும்பாமலே மெதுவாகச் சொன்னான்: "மதினி சாப்பிடுதாக அண்ணாச்சி. நீங்க வெளிய வந்துராதிய."

ஊருக்கெல்லாம் சமைத்துப்போட்டவன், என் வீட்டுக்காரி சாப்பிட்டதை மட்டும் கதவிடுக்கு வழியாகத்தான் பார்த்தேன்.